திங்களுக்கும் வியாழனுக்கும் இடையில்

மகாங்காவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பத்தொன்பது வருடம் நைரோபியில் மத்தாத்து வேனில் கண்டக்டராக இருந்தவன். அதில் கடைசிப் பதினோரு வருடம் என் வண்டியில். நான் ஓட்டுவேன், அவன் வாசலில் தொங்குவான். கயோலேயிலிருந்து டவுனுக்கு, டவுனிலிருந்து கயோலேக்கு, ஒரு நாளைக்கு ஒன்பது நடை. பதினாலு பேர் உட்காரும் வண்டியில் பத்தொன்பது பேரை ஏற்றிவிட்டு, இருபதாவதாக நிற்கும் அம்மாளைப் பார்த்து, "வாங்கம்மா, உள்ள காலை நீட்டிப் படுத்துட்டே போலாம், அவ்வளவு எடம் இருக்கு" என்று கூசாமல் சொல்வான். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே ஏறிவிடுவாள்.

அந்த வேலையில் தண்ணீர் குடிக்க முடியாது. குடித்தால் ஒதுங்க இடமில்லை. ஒதுங்க வண்டியை நிறுத்தினால் பின்னால் வருகிறவன் நம் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடுவான். காலையில் ஒரு டீ, வேலை முடிந்தபின் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர், அவ்வளவுதான். நடுவில் தலைவலித்தால் பெட்டிக்கடையில் வலி மாத்திரை இரண்டு வாங்கி எச்சிலைக் கூட்டி விழுங்குவான். நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு நாள் காலையில் ஷூ காலில் ஏறவில்லை என்று செருப்போடு வேலைக்கு வந்தான். அடுத்த வாரம் செருப்பும் ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரண்டு சிறுநீரகமும் போயிருந்தன. அதற்குப் பிறகு அவன் வாழ்க்கையில் இரண்டு கிழமைகள்தான் இருந்தன, திங்களும் வியாழனும். அந்த இரண்டு நாளும் காலை ஆறு மணிக்குப் போய்ப் படுத்தால், இயந்திரம் அவன் ரத்தத்தை எடுத்துச் சுத்தம் பண்ணித் திருப்பிக் கொடுக்கப் பத்து மணி ஆகும். அந்த ஊசி குத்துவதற்காக இடது கையில் ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அங்கே தொட்டால் பூனை உறுமுவதுபோல ஒரு அதிர்வு இருக்கும். பார்க்க வந்த பிள்ளைகளிடம், "மாமா உள்ள பூனை வளக்கறேன், தொட்டுப் பாரு" என்பான்.

இரண்டாம் வருடம் அவன் மனைவி பெண்ணை அழைத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மாடிப்படியில் அவனை முதுகில் தாங்கி இறக்கிக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

என்னுடைய சிறுநீரகத்தில் ஒன்றைத் தருகிறேன் என்று போனேன். ரத்தப் பிரிவு சேரவில்லை. மகாங்கா விழுந்து விழுந்து சிரித்தான். "டேய் முசேம்பி, உன் ரத்தம்கூட ராங் ரூட்லதான்டா ஓடுது."

மூன்றாம் வருடம் டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். கைக் குழாய் கெட்டுக்கொண்டு வருகிறது, ரொம்ப நாள் தாங்காது, கூடப் பிறந்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள் என்றார். இருந்தார்கள். அண்ணன் நியாம்பு தைத்தா மலையில், சொந்த ஊரான வுந்தான்யியில் முட்டைக்கோசு போட்டுக்கொண்டிருந்தார். தங்கை வாகியோ தெற்கே கடலோரத்தில். அண்ணனிடம் போனில் இந்தப் பேச்சை எடுத்த நாளிலிருந்து அவர் போனை எடுப்பதை நிறுத்தியிருந்தார்.

"இதெல்லாம் போன்ல கேக்கற சமாச்சாரமாடா?" என்றான் மகாங்கா. "மூஞ்சியப் பாத்துக் கேக்கணும். கூட்டிட்டுப் போறியா?"

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஊசியைப் பிடுங்கியதும் கிளம்பினோம். வியாழன் காலை ஆறு மணிக்கு அதே படுக்கையில் இருக்க வேண்டும். என் அக்கா புருஷனின் பழைய கார். அவனுக்காகப் பின்சீட்டில் தலையணை போட்டு வைத்திருந்தேன். அவன் முன்சீட்டில்தான் உட்காருவேன் என்றான்.

"கண்டக்டர் எங்கடா பின்னாடி உக்காருவான்? கதவுக்குப் பக்கத்துல இருக்கணும்."

ஊர் எல்லை தாண்டச் சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தோம். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களைப் பார்த்தபோதெல்லாம் அவன் கை தன்னால் ஜன்னலுக்கு வெளியே போயிற்று. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அவனுக்கு அளவு. அதை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டு, மூடியில் சரித்து மூடி மூடியாகக் குடித்தான். பாதி வழியில் முத்தித்தோ அந்தே ஊரில் நான் சோளக் களியும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டேன். அவன் களியை மட்டும் கிள்ளிப் போட்டுக்கொண்டு, நான் எலும்பு கடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்கா?"

"உப்பு கம்மி" என்றேன்.

"பொய் சொல்லாதடா. மூஞ்சியே சொல்லுது."

வோய் தாண்டிச் சமவெளி முடிந்து மலை ஏற ஆரம்பித்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. அவன் ஜன்னலை ஏற்றிவிட்டு, தான் படித்த பள்ளிக்கூடம், விழுந்து பல் உடைந்த பாலம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தான். ரோட்டோரம் முழுக்க வாழை. வாழைப்பழம் அவனுக்கு ஆகாது. அதில் இருக்கும் ஏதோ ஒரு சத்து இதயத்தை நிறுத்திவிடும் என்று சொல்லியிருந்தார்கள்.

நியாம்பு அண்ணன் எங்களைக் கண்டதும் ஓடிவந்தார். தம்பியைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல அழுதார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அண்ணி கோழி அடித்தாள். மரவள்ளியும் பயறும் சேர்த்து மசித்த உருண்டை வைத்தாள். ஐந்து பிள்ளைகளும் வரிசையாக வந்து சித்தப்பா கைப் பூனையைத் தொட்டுப் பார்த்தார்கள். மழை, முட்டைக்கோசு, பஞ்சாயத்துத் தேர்தல் என்று எல்லாவற்றையும் பேசினோம். அதை மட்டும் யாரும் பேசவில்லை. மகாங்கா இரண்டு தடவை தொண்டையைச் செருமினான். இரண்டு தடவையும் அண்ணன் எழுந்து அடுப்புக்கு விறகு எடுத்து வரப் போய்விட்டார்.

மறுநாள் காலை, "வா தம்பி, ஒண்ணு காட்டணும்" என்று கூப்பிட்டார். நானும் பின்னால் போனேன். கோசுப் பாத்திகளைத் தாண்டி மலைச்சரிவில் அவர்கள் அப்பாவும் அம்மாவும் புதைக்கப்பட்ட இடம். அப்பா நாற்பத்து மூன்று வயதில் உடம்பெல்லாம் வீங்கிச் செத்தவர். யாரோ செய்வினை வைத்துவிட்டதாக ஊரில் சொன்னார்களாம். அப்பாவின் குழிக்குப் பக்கத்தில் புல்லைச் செதுக்கி, நான்கு மூலையிலும் கல் நட்டு ஒரு இடம் சுத்தமாக இருந்தது.

"இது உனக்கு" என்றார் நியாம்பு. "எல்லாரும் இங்க உருளைக்கிழங்கு போடச் சொன்னாங்க. நான் போடல. அப்பா பக்கத்துல உனக்குன்னு விட்டு வச்சிருக்கேன். எங்கயோ டவுன்ல அநாதையா கெடக்க விடமாட்டேன். அந்தக் கவலை உனக்கு வேண்டாம்."

மகாங்கா அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் முகத்தில் கள்ளம் இல்லை. தன்னால் முடிந்ததில் மிகப் பெரியதைக் கொடுக்கிற ஆளின் முகம் அது.

"அண்ணே, நான் எடம் கேட்டு வரல" என்றான் மகாங்கா. "கிட்னி கேட்டு வந்தேன்."

நியாம்பு புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போன்ல கேட்ட மறுநாளே வோய்க்குப் போனேன்டா. யாருக்கும் சொல்லல, உங்க அண்ணிக்கும் சொல்லல. ரத்தம் குடுத்துப் பாத்தேன். உன்னோட பிரிவுதான் எனக்கும். நைரோபிக்குப் போய் மத்த டெஸ்ட் பண்ணுங்கன்னாங்க. பஸ் ஸ்டாண்டுல டிக்கெட் எடுத்துட்டு நின்னேன். பஸ் வந்துச்சு. ஏறல. அடுத்த பஸ்ஸும் வந்துச்சு."

"ஏன்ணே?"

"பயம்டா. வேற ஒண்ணும் இல்ல. அஞ்சு புள்ளைங்க, மலைல மூட்டை தூக்கணும்னு சாக்கு சொல்லலாம். அதெல்லாம் சும்மா. என்னைக் கத்தியால கிழிப்பாங்கன்னு நெனச்சாலே எனக்குக் கை கால் ஓடல. நான் கோழைடா தம்பி."

மகாங்கா கத்துவான், திட்டுவான் என்று நினைத்தேன். அவன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் கை போட்டான். "சரி விடுண்ணே. அழாத. அண்ணி பாக்கப் போறாங்க."

காரில் ஏறி மலை இறங்கினோம். சமவெளிக்கு வந்ததும் மகாங்கா சொன்னான்: "அந்த எடம் நல்ல எடம்தான்டா. காலைல வெயில் விழும்." நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, வேலிக் கம்பத்தை நாலு உதை உதைத்தேன். "கம்பம் என்னடா பண்ணுச்சு" என்று அவன் உள்ளே இருந்தபடி கேட்டான்.

வாகியோவிடம் போவதில் அவனுக்கு விருப்பமில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் அவள் மீன் பிடிக்கும் முஸ்லிம் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். மதமும் மாறினாள். நியாம்பு அவளைச் செத்துவிட்டதாகச் சொல்லித் தலைமுழுகினார். மகாங்கா நைரோபியில் இருந்தான்; சண்டையும் போடவில்லை, கூப்பிட்டுப் பேசவும் இல்லை. முதல் பிள்ளை பிறந்தபோது அவள் தான் இருக்கும் ஊரின் பெயரை எழுதிச் செய்தி அனுப்பினாள். அதற்கும் பதில் போடவில்லை.

"ஒரு வார்த்தை பேசாதவன் போய் உடம்புல பாதியக் கேக்கறதா? எனக்கே அசிங்கமா இருக்குடா" என்றான்.

"அப்ப சும்மா பாத்துட்டு வருவோம்" என்றேன். வியாழன் வர இன்னும் நாள் இருந்தது. நான் வண்டியைத் திருப்பவில்லை.

மொம்பாசாவில் லிகோனி படகுத்துறையில் காரோடு கடல்கழியைக் கடந்து தெற்கே போனோம். மாலை நாலு மணிக்கு அந்த ஊர்க் கடற்கரையில் கேட்டபோது, தென்னங்கீற்றுக் கொட்டகை ஒன்றைக் காட்டினார்கள். தலையில் துணி சுற்றிய பெண் ஒருத்தி பெரிய வாணலியில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மீன் வேணும்?" என்றாள் நிமிராமல்.

"வாகியோ" என்றான் மகாங்கா.

அவள் நிமிர்ந்தாள். அவனை அடையாளம் தெரியவில்லை. முகம் கறுத்து, உடம்பு பாதியாக இளைத்திருந்தான். பிறகு பல்லைப் பார்த்தாள் போலிருக்கிறது, பாலத்தில் உடைந்த அந்தப் பல்லை.

"அண்ணே?" என்றாள். அடுத்த மூச்சிலேயே கத்த ஆரம்பித்துவிட்டாள். "ஒம்போது வருஷம்! நீ செத்துட்டன்னு நெனச்சேன். இல்லல்ல, நான்தான செத்தவ? செத்தவளப் பாக்க எதுக்கு வந்த? மீன் இல்ல, போ!" என்று சொல்லிக்கொண்டே வந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாணலியில் மீன் கருகியது. நான் போய் அதைத் திருப்பிப் போட்டேன்.

அவள் புருஷன் நசோரோ, மச்சான் வந்திருக்கிறார் என்று கேட்டதும் வலையை அப்படியே போட்டுவிட்டு வந்து, மரமேறி இளநீர் வெட்டிக் கொண்டுவந்தான். மகாங்கா அதைக் கையில் வாங்கி மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"எங்க வீட்டுத் தண்ணி குடிக்க மாட்டீங்களா?" நசோரோவின் முகம் சுருங்கிவிட்டது.

"ஐயோ மாப்ள, அது இல்ல. இது எனக்கு விஷம். குடிச்சா நாளைக்கு என்னைத் தூக்கறதுக்கு ஆள் கூப்பிடணும்" என்று சொல்லி, கை, பூனை, இயந்திரம் எல்லாவற்றையும் விளக்கினான். கேட்க வந்ததை மட்டும் சொல்லவில்லை. தங்கை எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவன் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். பொறுக்கமுடியாமல் நான்தான் கேட்டேன். அண்ணன் மறுத்ததையும் சொன்னேன்.

வாகியோ என்னை முடிக்க விடவில்லை.

"இதக் கேக்கவா மலையெல்லாம் சுத்திட்டு வந்தீங்க? நேரா இங்க வரவேண்டியதுதான? எடுத்துக்கட்டும். எப்ப வரணும்?"

நசோரோ கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எனக்குப் பயமாத்தான் இருக்கு. மூணு புள்ளைங்க. ஆனா அவ உடம்பு, அவ சொல்லட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அந்தச் சாயங்காலம்தான் பழைய மகாங்காவை மறுபடி பார்த்தேன். கவிழ்த்துப் போட்ட படகில் வாகியோவின் பிள்ளைகளையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் ஏற்றி உட்காரவைத்து, ஓரத்தில் தொங்கிக்கொண்டு, "டவுன் டவுன் டவுன்! ஒரே ஒரு எடம்! பாட்டு உண்டு, டிவி உண்டு, டிரைவர் மட்டும் மூஞ்சி சரியில்ல, கண்ண மூடிக்கங்க!" என்று கூவினான். பிள்ளைகள் உருண்டு சிரித்தன. வாகியோவும் வந்து படகுக் கட்டையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். செருப்பைக் கழற்றினாள்.

மகாங்கா கூவுவதை நிறுத்திவிட்டான்.

நானும் பார்த்தேன். செருப்பு வார் இருந்த இடத்தில் அவள் பாதத்தில் கயிறு கட்டினதுபோல ஆழமான தடம். மகாங்கா இறங்கி வந்து மணலில் உட்கார்ந்து, தங்கையின் காலைப் பிடித்து, முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். விரலை எடுத்தான். குழி அப்படியே நின்றது.

"எத்தனை நாளா இருக்கு?"

"நாள் பூரா நின்னுக்கிட்டே மீன் வறுக்கறேன்ல, அதான்."

"காலைல எந்திரிச்சா மொகம் உப்புதா?"

"கொஞ்சம்."

"தலைவலி?"

"அது எப்பவும் உள்ளதுதான். மாத்திரை போட்டா போயிடும்." அவள் சிரித்தாள். "என்ன அண்ணே, டாக்டர் ஆயிட்டியா?"

அவன் குழி மெல்ல மேலே வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

புதன் காலை ஏழு மணிக்கு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். தன்னுடைய சிறுநீரகத்தைக் கொடுப்பதற்கான முதல் பரிசோதனை என்று அவள் நினைத்துக்கொண்டு, நல்ல துணி உடுத்தி வந்தாள். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டிப் பார்த்தாள். பிறகு ரத்தம் எடுத்தார்கள். பதினொரு மணிக்கு ஒரு இளம்பெண் டாக்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது கிட்னி தொந்தரவு இருக்கா?" என்று கேட்டார். மகாங்கா இடது கையைத் தூக்கிக் காட்டினான். டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து அவர்களுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

வாகியோவின் சிறுநீரகம் கால்வாசிதான் வேலை செய்கிறது என்றார். குடும்பத்தில் ஓடுகிற வியாதியாக இருக்கலாம், மாத்திரையால் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது என்று சொன்னார்.

வாகியோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப என்னோடத எடுக்க மாட்டாங்களா?" என்றாள்.

டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்கண்ணே" என்றாள். அதுவரை தாங்கியவன் அந்த ஒரு வார்த்தையில் உடைந்துபோனான்.

பகல் ஒன்றரைக்குப் படகுத்துறைக்கு வந்தோம். படகில் எங்கள் காரைச் சுற்றி நெருக்கிக்கொண்டு கூட்டம் நின்றது. மகாங்கா கண்ணாடியை இறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"நான் வராம இருந்திருந்தா அவளுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றான்.

"இப்பவே தெரிஞ்சது நல்லதுதானடா?"

"எதுக்கு நல்லது?"

அக்கரை வந்ததும் வண்டியைக் கிளப்பினேன். நைரோபி வரை ஐந்நூறு கிலோமீட்டர். மூச்சு வாங்குகிறது என்று அவன் சீட்டைச் சாய்க்காமல் நிமிர்ந்தே வந்தான். வோய் வந்தபோது மலை இருந்த பக்கம் திரும்பவில்லை. வியாழன் காலை ஆறு மணிக்கு அதே படுக்கையில் ஊசி போட்டுக்கொண்டான். மூன்று நாளில் எத்தனை கிலோ தண்ணீர் உடம்பில் சேர்ந்திருக்கிறது பார் என்று நர்ஸ் திட்டினாள்.

நியாம்பு அண்ணனுக்கு விஷயத்தைச் சொல்லிப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னோம். அதற்கு மட்டும் போனை எடுத்தார். அவருக்கு ஒன்றும் இல்லை, இரண்டும் நன்றாக இருக்கின்றன. அந்தச் செய்தி சொன்ன பிறகு அவர் நம்பர் வேலை செய்யவில்லை. மாற்றிவிட்டார் என்று அண்ணி வேறு யாரோ மூலம் சொல்லி அனுப்பினாள். இப்போது அவரிடம் கேட்க இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேரும் கேட்கவில்லை.

மகாங்காவின் கைக் குழாய் செப்டம்பரில் அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். அது எவ்வளவு நாள் என்று டாக்டர் சொல்வதில்லை, அவனும் கேட்பதில்லை. என் வண்டியில் இப்போது வேறு கண்டக்டர். நல்லவன்தான், ஆனால் வாய் பேசமாட்டான்.

பிரயாணம் முடிந்து பதினோரு மாதத்தில் வாகியோவுக்கும் இயந்திரம் என்று ஆகிவிட்டது. மொம்பாசாவில், அவளுக்கும் திங்களும் வியாழனும்தான் கிடைத்தன. முதல் நாள் நான் மகாங்காவின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு அவள் போன் செய்தாள். அவனால் கழுத்தைத் திருப்ப முடியாததால் போனை நான் அவன் காதில் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, ஊசி எடுத்துட்டு வராங்க. ரொம்பப் பெருசா இருக்கு."

"அதப் பாக்காத. செவுத்துல கடிகாரம் இருக்கும், அதப் பாரு."

"இருக்கு."

"இல்ல, அதையும் பாக்காத. நகரவே நகராது. என்கிட்ட பேசு. புள்ளைங்க ஸ்கூல் போயிட்டாங்களா? மூத்தவன் சாப்பிட்டானா?"

அவள் ஏதோ சொன்னாள். அவன் ம் கொட்டிக்கொண்டே இருந்தான். எட்டு மணிக்கு அவள் குரல் குழறி, தூங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன். அவன் போனை எடுக்கச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் அவள் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கை வலித்தது. மறு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.